புதுமனையும் பழைய அச்சமும்

குற்றாலச் சாரலின் ஈரக் காற்று எட்டும் தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் பண்பொழி. பைம்பொழில் என்னும் பெயரே நாளடைவில் இவ்வாறு மருவிற்று என்பர். ஒருபுறம் திருமலை முருகன் கோயில் அமைந்த குன்று. மறுபுறம் வயலும் தென்னந்தோப்பும். வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஊர்கள் சுற்றிலும் உள்ளன. பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடு சேர்ந்திருந்தது. நெடுங்காலம் திருநெல்வேலிச் சீமையாக விளங்கிய இந்நிலப்பகுதி 2019 முதல் தென்காசி மாவட்டம் எனத் தனிப்பெயர் பெற்றுள்ளது. பாண்டி நாட்டு வழக்கமும் மலையாள வழக்கமும், கோயில் மணியோசையும் பாங்கோசையும் ஒன்றையொன்று கேட்டு வளர்ந்த மண் இது.

இம்மண்ணில் ஒருவர் வீடு கட்டி முடித்தால், உடனே சென்று படுத்துறங்கிவிடுவதில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவர், தரையைக் கழுவுவர், சாம்பிராணிப் புகையை மூலைமுடுக்கெல்லாம் காட்டுவர், பால் காய்ச்சுவர். முஸ்லிம் இல்லமாயின் திருக்குர்ஆனை முதலில் உள்ளே கொண்டுசெல்வர். ஆலிமை அழைத்து யாஸீன் ஓதுவர். மௌலிது ஓதி நெய்ச்சோறு பகிர்வர். இந்து இல்லமாயின் கணபதி ஹோமமும் பசுவும் கன்றும் முன்னிற்கும். கிறித்தவ இல்லமாயின் பாதிரியார் வந்து ஜபம் செய்து மந்திரிப்பார். சடங்குகள் வேறு, ஆயினும் அவற்றின் அடியில் கிடக்கும் மனநிலை ஒன்று. யாரும் வாழ்ந்திராத இடத்தில் நாம் முதலாவதாக வாழப் புகுகின்றோம். அங்கே நமக்கு முன்னரே ஏதேனும் இருந்தால் என்ன செய்வது? இக்கேள்வியே அவ்வளவுக்கும் வேர்.

இவ்வச்சம் எங்கிருந்து வந்தது? இஸ்லாம் அதனை எவ்வாறு எதிர்கொண்டது? தமிழ் முஸ்லிம்களின் இல்லங்களில் அது என்ன வடிவம் பெற்றது? இம்மூன்றையும் வரலாற்றின் வழிநின்று நோக்குவோம்.

வெண்கடுகும் வேப்பிலையும்

தமிழகத்தில் இவ்வழக்கம் சங்க காலத்திற்குப் பிற்பட்டதன்று. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை ஒன்றின் அமைப்பை விரித்துரைக்கின்றார். நண்பகலில், கோலின் நிழல் எப்பக்கமும் சாயாத வேளை பார்த்து, நூலறிந்தோர் கயிறிட்டுத் திசை குறித்து மனை வகுத்தனர் என்பது அவர் தரும் செய்தி. அவ்வரண்மனையின் உயர்ந்த வாயில் நிலையில் நெய்யும் ஐயவியும் அப்பியிருந்தமையையும் அவர் சொல்லத் தவறவில்லை. ஐயவி என்பது வெண்சிறுகடுகு. தீயன அணுகாதிருக்க அதனைப் பயன்படுத்துவது அக்கால நம்பிக்கை.

புறநானூற்றின் 281ஆம் பாடல் அரிசில் கிழார் பாடியது. போரில் புண்பட்டு வந்த வீரனின் இல்லத்தை அது காட்டுகின்றது. இறைப்பில் இரவமும் வேப்பிலையும் செருகுகின்றனர், ஐயவி தூவுகின்றனர், மணி ஒலிக்கின்றனர், யாழும் ஆம்பற்குழலும் இசைக்கின்றனர், வீடு முழுதும் நறும்புகை எழுப்புகின்றனர். புண்பட்டவனைப் பேய் தீண்டலாகாது என்பதே நோக்கம். புகை, தழை, கடுகு, ஓசை ஆகிய நான்கும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் வாயிற்படியை விட்டு அகலவில்லை. இன்று திருஷ்டிப் பூசணி கட்டுவோரும், கடுகும் மிளகாயும் சுற்றிப் போடுவோரும், தாம் எத்துணைப் பழைமையான செயலைச் செய்கின்றோம் என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

மனைநூல்கள் பின்னர் இவ்வழக்கத்தை ஒழுங்குபடுத்தின. தென்னாட்டில் பெரிதும் போற்றப்பட்ட மயமதம் என்னும் வடமொழிச் சிற்பநூல், தேர்ந்த நிலத்தை உழுது, விதை தூவி, முளைத்த பயிரைப் பசுக்கள் மேயவிட்ட பின்னரே அதில் மனை எழுப்ப வேண்டும் என்கின்றது. இதில் சடங்கும் உண்டு, அறிவும் உண்டு. விதை முளைப்பதைக் கொண்டு மண்ணின் இயல்பை அறியலாம். உழும்போது எலும்பும் ஓடும் கரியும் வெளிப்படும்.

தென்மாவட்டங்களில் மற்றொரு வழக்கம் உண்டு. அதற்குத் தச்சுக் கழித்தல் என்று பெயர். வீட்டுக்காகக் காட்டில் மரம் வெட்டினோமே, அம்மரத்தில் குடியிருந்த ஆவியும் மரத்தை வெட்டிய பாவமும் உத்தரத்தோடும் கதவு நிலையோடும் வீட்டுக்குள் வந்துவிட்டால் என் செய்வது என்னும் அச்சத்தில் பிறந்த சடங்கு அது. குடிபுகும் நாளுக்கு முந்திய இரவில், வீடு கட்டிய ஆசாரியே அதனைச் செய்வார். பூசணிக்காய் உடைபடும், சிலவிடங்களில் கோழி பலியாகும். அதன் முடிவில் வீட்டுக்காரர் ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் புது வேட்டியும் சன்மானமும் கொடுத்து அனுப்புவார். அதன்பின் வீடு கட்டியவர்களின் கையிலிருந்து குடியிருப்போரின் கைக்கு மாறிவிட்டது என்று பொருள்.

மலையடிவாரத்து ஊர்களில் காட்டு மரம் ஏறாத வீடே இல்லை. மரத்தை இழைத்துத் தந்த ஆசாரியோ எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானவர். இந்து வீட்டில் அவர் செய்ததை முஸ்லிம் வீட்டில் செய்யாதுவிட்டால், பின்னர் ஏதேனும் நேர்ந்தபோது பழி அவர்மேல் விழும். நம் முன்னோர் இல்லங்களில் வேற்றுச் சமயச் சடங்கின் சாயல் புகுந்தது மதப்பற்று குறைந்தமையால் அன்று. ஒரே ஆசாரியும் ஒரே கொத்தனாரும் ஒரே மண்ணும் அவர்களுக்குப் பொதுவாயிருந்தமையால்.

உலகெங்கும் ஒரே அச்சம்

இவ்வச்சம் தமிழர்க்கே உரியது என்று எண்ணிவிடலாகாது. பண்டைய அசீரியர் தங்கள் வீட்டுத் தரைக்கு அடியில் காவல் உருவங்களைப் புதைத்து வைத்தனர். இராக் நாட்டின் நிப்பூர் என்னும் பழம்பதியில் நிகழ்ந்த அகழாய்வில், உட்புறத்தில் அரமேய மொழியில் மந்திரம் எழுதப்பட்ட மண்கிண்ணங்கள் வீடுகளின் தரைக்கடியில் கவிழ்த்துப் புதைக்கப்பட்டிருக்கக் கண்டனர். கி.பி. ஆறாம், ஏழாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த அவை, தீய ஆவிகளைச் சிறைப்பிடிக்கவும் விரட்டவும் வைக்கப்பட்டவை. ஏறத்தாழ அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே, அண்டை நாட்டில், யூதரும் கிறித்தவரும் பிறரும் இவ்வாறு தம் வீடுகளைக் காத்துக்கொண்டிருந்தனர்.

யூதர்களின் வேதத்தில் லேவியராகமம் பதினான்காம் அதிகாரம், சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ படரும் பூசணம் பற்றி ஒரு சட்டம் வகுக்கின்றது. வீட்டை ஒழித்து ஏழுநாள் பூட்டிவைத்துப் பார்க்க வேண்டும். பூசணம் பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிய வேண்டும். உட்சுவரைச் சுரண்டி மறுபூச்சுப் பூச வேண்டும். மீண்டும் தோன்றினால் வீட்டையே இடித்துவிட வேண்டும். நோய் நீங்கிய பின்னரே பறவைகளும் கேதுருக் கட்டையும் கொண்டு தூய்மைச் சடங்கு. முதலில் சுவரைச் சுரண்டு. பிறகு சடங்கு செய் என்னும் இவ்வரிசை நினைவில் நிறுத்தத்தக்கது. ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் சாரலில் நனைந்து சுவரெல்லாம் ஈரம் கசியும் நம் பகுதியில் இதன் பொருள் எளிதில் விளங்கும். புதுச்சுண்ணாம்பின் காரம் பூசணத்தையும் கிருமிகளையும் அழிக்கவல்லது. நம் பாட்டிமார் குடிபுகுமுன் சுண்ணாம்பு பூசச் சொன்னது வெறும் அழகுக்காக அன்று.

இன்றும் இவ்வச்சம் மறையவில்லை, வேடம் மாறியுள்ளது. மேலைநாடுகளில் புதுவீடு புகுவோர் கலிபோர்னியாவில் விளையும் வெண்சேஜ் என்னும் செடியின் உலர்ந்த கட்டுகளைக் கடையில் வாங்கிக் கொளுத்தி, வீட்டின் "சக்தி"யைத் தூய்மை செய்வதாகக் கூறுகின்றனர். அது அமெரிக்கப் பழங்குடியினரின் வழிபாட்டுப் பொருள். அப்பழங்குடியினரின் சமயச் சடங்குகளை 1883இல் அந்நாட்டு அரசு விதிகள் வகுத்து ஒடுக்கியது. அவர்களது சமய உரிமையைக் காக்கும் சட்டம் 1978இல்தான் வந்தது. ஒருவர் செய்தால் குற்றம் என்று தடுக்கப்பட்ட புகை, மற்றொருவர் கையில் வணிகப் பொருளாயிற்று. நம் நாட்டிலும் வாஸ்து என்ற பெயரால் நல்ல சுவரை இடித்து வாசலை மாற்றி, கட்டிய கடனுக்கு மேல் கடன்பட்டோர் பலர். அச்சம் இருக்குமிடத்தில் அதனை விற்பனை செய்வோரும் இருப்பர்.

ஜின்னுக்குப் பலியும் அண்டைக்கு விருந்தும்

இனி அரபு மண்ணுக்கு வருவோம். அறியாமைக் காலத்து அரபிகள் புதுவீடு வாங்கினாலும் புதிய நீரூற்றைத் தோண்டினாலும் ஒரு பிராணியை அறுத்துப் பலியிடுவர். அவ்விடத்து ஜின்கள் தீங்கு செய்யாதிருக்க அவற்றுக்குச் செலுத்தும் காணிக்கை அது. ஹிஜ்ரி 224இல் மறைந்த பேரறிஞர் அபூ உபைத் காஸிம் இப்னு ஸல்லாம், "ஜின்னுக்குரிய அறுப்புகள்" என்னும் சொல்லுக்கு இவ்வாறே விளக்கம் தந்துள்ளார். இவ்வறுப்பைத் தடுப்பதாக ஒரு நபிமொழியும் அறிவிக்கப்படுகின்றது. அதன் அறிவிப்புத் தொடர் வலுவற்றது என்று ஹதீஸ் கலை வல்லுநர் கூறுவர். ஆயினும் அல்லாஹ் அல்லாதவருக்காக அறுக்கலாகாது என்னும் அடிப்படையில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இஸ்லாம் பலியைத் தடுத்தது, மகிழ்ச்சியைத் தடுக்கவில்லை. அரபு மொழியில் புதுமனை விருந்துக்கு "வகீரா" என்று தனிப்பெயர் உண்டு. "வக்ர்" என்றால் பறவையின் கூடு. கூடு கட்டி முடித்த பறவையைப் போல் மனிதன் தன் இல்லத்தில் அமரும்போது பிறரை அழைத்து ஊட்டும் விருந்து அது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி, விருந்துகளின் வகைகளை எண்ணிக் கூறுமிடத்தில் மண விருந்து, அகீகா முதலியவற்றோடு வகீராவையும் சேர்த்துள்ளார். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் தமிழ் முஸ்லிம்களுக்கு நவவியின் நூல்கள் நன்கு அறிமுகமானவை. நாம் புதுவீட்டில் நெய்ச்சோறு ஆக்கிப் பந்தி வைப்பது உள்ளூர் வழக்கம் மட்டுமன்று. அதற்கு ஒரு பழைய அரபுப் பெயரும் உள்ளது.

இம்மாற்றத்தின் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அறுக்கப்படும் ஆடு அதே ஆடுதான். முன்னர் அது கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் வாயை அடைக்க அறுக்கப்பட்டது. பின்னர் கண்ணுக்குத் தெரியும் அண்டை வீட்டாரின் பசியைத் தீர்க்க அறுக்கப்பட்டது. அச்சத்தின் செலவு அன்பின் செலவாக மாறியது.

மக்கத்து இறையில்லம் கற்பிக்கும் பாடம்

வீட்டைத் தூய்மை செய்தல் என்றவுடன் முஸ்லிமின் நினைவுக்கு வரவேண்டியது கஅபா. அவ்வில்லத்தைத் தூய்மைப்படுத்துமாறு இப்ராஹீம் நபிக்கும் இஸ்மாயீல் நபிக்கும் இறைவன் கட்டளையிட்டதைத் திருக்குர்ஆன் இரண்டாம் அத்தியாயம் கூறுகின்றது. அத்தகைய கஅபாவே ஒருகாலத்தில் அச்சத்தின் இருப்பிடமாய் விளங்கியது என்பதும் வரலாறு.

ஏறத்தாழ கி.பி. 605இல், அண்ணலாருக்கு முப்பத்தைந்து வயதாயிருந்தபோது, பழுதுற்ற கஅபாவைப் பிரித்துக் கட்டக் குறைஷியர் தீர்மானித்தனர். செங்கடற்கரையில் உடைந்துபோன ஒரு கப்பலின் மரம் கிடைத்தது. மக்காவில் ஒரு கிப்தியத் தச்சரும் இருந்தார். ஆனால் பழைய சுவரில் கைவைக்க யாருக்கும் துணிவு வரவில்லை. இறுதியில் வலீத் இப்னு முகீரா என்பார் கடப்பாரையை எடுத்துத் தாம் நன்மையே நாடுவதாக இறைவனிடம் முறையிட்டவாறு ஒரு பகுதியை இடித்தார். மற்றவர் அன்றிரவு முழுதும் காத்திருந்தனர். அவருக்கு ஏதேனும் தீங்கு நேர்கின்றதா என்று பார்த்தனர். விடிந்ததும் அவர் நலமாக எழுந்து வந்து வேலையைத் தொடர்ந்தார். அதன்பின்னரே அனைவரும் கைகொடுத்தனர்.

நம் கருத்தில் ஊன்ற வேண்டிய செய்தி இதுவன்று, அடுத்து வருவது. இப்னு இஸ்ஹாக் தொகுத்து இப்னு ஹிஷாம் சீரமைத்த நபி வரலாற்று நூல் அதனைக் கூறுகின்றது. இறையில்லத்தைக் கட்டத் தூய வருவாயை மட்டுமே செலவிட வேண்டும். விபசாரத்தில் வந்த பணமும், வட்டிப் பணமும், பிறரிடம் அநீதியாகப் பறித்த பணமும் அதில் கலக்கலாகாது என்று குறைஷியர் தமக்குள் உறுதி செய்துகொண்டனர். விளைவு என்ன? கையிருப்புப் போதவில்லை. இப்ராஹீம் நபி இட்ட அடித்தளம் முழுவதும் சுவர் எழுப்ப இயலாமல், ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டுக் கட்டினர். அப்பகுதியே இன்றும் அரைவட்டச் சுவர் சூழ நிற்கும் ஹிஜ்ரு. செலவுக்குப் பணம் குறைந்தமையே அதற்குக் காரணம் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் அண்ணலார் கூறியதைப் புகாரி பதிவு செய்துள்ளது.

இக்குறைஷியர் சிலை வணங்கிகள். வட்டி வாங்கியவர்கள்; ஏழைகளை வருத்தியவர்கள். அவர்களுக்கே தெரிந்திருந்தது, இறையில்லத்தின் தூய்மை புகையாலும் நீராலும் மட்டும் வருவதன்று, பணப்பையிலிருந்து வருவது என்று. தீய பணத்தால் பெரிதாகக் கட்டுவதைவிட நல்ல பணத்தால் சிறிதாகக் கட்டுவது மேல் என்று அவர்கள் ஒருமுறையேனும் எண்ணினர். ஆண்டுதோறும் ரோஜா நீரும் ஸம்ஸமும் கலந்து கஅபாவின் உட்புறத்தைக் கழுவும் காட்சியைக் கண்டு நாம் உருகுகின்றோம். அதன் அருகில் கட்டப்படாமல் நிற்கும் ஹிஜ்ரு சொல்லும் பாடத்தை எத்தனை பேர் கேட்கின்றோம்?

கி.பி. 622இல் மதீனாவில் பள்ளிவாசல் எழுந்த வரலாறும் இதனையே வலியுறுத்துகின்றது. அவ்விடம் ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது. அவர்கள் அதனை அன்பளிப்பாகத் தர முன்வந்தும் அண்ணலார் ஏற்கவில்லை; விலை கொடுத்தே பெற்றார்கள். அங்கே இணைவைப்போரின் பழைய கப்றுகளும் இடிபாடுகளும் பேரீச்ச மரங்களும் இருந்தன. ஆவி அடக்கும் சடங்கு எதுவும் அங்கு நிகழவில்லை. கப்றுகள் தோண்டி அகற்றப்பட்டன, இடிபாடுகள் சமன்படுத்தப்பட்டன, மரங்கள் வெட்டிக் கிப்லாப் பக்கம் வரிசையாக நிறுத்தப்பட்டன. உரியவருக்கு உரிய விலை, பிறகு மண்வெட்டி, பிறகு தொழுகை. மனையைத் தூய்மை செய்யும் நபிவழியின் வரிசை இதுவே.

தமிழ் முஸ்லிம் இல்லங்களில்

இவ்விரு மரபுகளும், தமிழ் மண்ணின் பழவழக்கமும் அரபு மண்ணின் புதுநெறியும், நம் இல்லங்களில் ஒன்றுகலந்தன. ஐயவி தூவிய வாயிலில் ஆயத்துல் குர்ஸி எழுதித் தொங்கவிட்டனர். பேய் ஓட்டிய நறும்புகை மௌலிது சபையின் நறும்புகையாயிற்று. காஞ்சிப் பாட்டின் இடத்தை இமாம் பூஸிரியின் புர்தாவும், காயலும் கீழக்கரையும் போற்றும் ஸதக்கத்துல்லாஹ் அப்பா (1632 - 1703) அவர்களின் பாக்களும் பெற்றன. ஹளரமௌத்து நாட்டு இமாம் அப்துல்லாஹ் ஹத்தாது (1634 - 1720) தொகுத்த ராத்திபு கடல்கடந்து வந்து நம் வீட்டு முற்றங்களில் ஒலித்தது. பொட்டல்புதூர் முஹ்யித்தீன் ஆண்டவர் பெயரால் நேர்ச்சை செய்து கொள்வதில் இப்பகுதியின் இந்துக்களும் பின்தங்கியதில்லை.

சாம்பிராணியும் வெறும் உள்ளூர்ப் பொருளன்று. அது பழைய கடல்வணிகத்தின் நினைவுச்சின்னம். ளுஃபார்க் கரையின் குந்துருக்கமும், சுமத்திரா மலைகளின் மரப்பிசினும் அரபு, தமிழ் வணிகர்களின் மரக்கலங்களில் பயணம் செய்தன. பதினான்காம் நூற்றாண்டில் சுமத்திராவுக்குச் சென்ற இப்னு பதூதா அத்தீவின் நறும்பிசினைக் குறிப்பிட்டுள்ளார்.

பின்னாளில் கடையநல்லூர், தென்காசி மக்களே அக்கடல்வழியில் சென்றனர். தறிக்குழியை விட்டுப் புறப்பட்ட நெசவாளர் குடும்பங்கள், பெண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூரில் குடியேறின. 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் நிறுவப்பட்டது. அவ்வமைப்பின் முயற்சியால் 1946இல் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தோன்றி 1982 வரை நடந்தது. அம்மக்கள் அங்கு மலாய் அண்டை வீட்டாரிடமும் இதே காட்சியைக் கண்டனர். மலாய் முஸ்லிம்கள் புதுவீடு புகும்போது உறவினரை அழைத்துத் துஆ ஓதி விருந்தளிப்பர். அதனோடு அரிசிமாவு கரைத்த நீரைத் தழைக்கட்டினால் தெளிக்கும் பழஞ்சடங்கும் அவர்களிடம் இருந்தமையை, ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர் 1900இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியுள்ளார். மொழி வேறு, கடல் இடையில், எனினும் புதுவீட்டின் வாசலில் மனித மனம் ஒன்றாகவே நிற்கின்றது.

பின்னர் வளைகுடா நாடுகளின் சம்பாத்தியம் வந்தது. நாட்டோட்டு வீடுகள் மறைந்து மாடி வீடுகள் எழுந்தன. 1980களுக்குப் பின் புதுமனை புகுவிழா ஒரு கருத்துப் போர்க்களமாகவும் மாறியது. மௌலிது ஓத வேண்டும் என்று பெற்றோரும், அது மார்க்கத்தில் இல்லாத புதுமை என்று மக்களும் வாதிட்டு, பால் பொங்குமுன் பகை பொங்கிய வீடுகள் உண்டு. ஒருவர் வீட்டு விருந்தை மற்றவர் புறக்கணித்த உறவுகளும் உண்டு.

நபிமொழிகள் காட்டும் வழி

இவ்வழக்கில் நடுநின்று நோக்குவோர்க்குச் சில நபிமொழிகள் துணைசெய்யும். ஒரு குடும்பத்தார் அண்ணலாரிடம் வந்து, பழைய வீட்டில் நாங்கள் எண்ணிக்கையிலும் செல்வத்திலும் பெருகியிருந்தோம். புதுவீட்டுக்கு மாறியபின் இரண்டும் குறைந்துவிட்டன என்று முறையிட்டனர். அவ்வீட்டை விட்டுவிடுமாறு அண்ணலார் கூறினார்கள். முவத்தாவிலும் அபூதாவூதிலும் இது இடம்பெற்றுள்ளது. வீட்டுக்குத் தீய சக்தி உண்டு என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஆனால் கத்தாபி போன்ற உரையாசிரியர்கள் வேறு விளக்கம் தருகின்றனர். அம்மக்களின் உள்ளத்தில் ஊன்றிவிட்ட ஐயத்தை வேரறுக்கவே, அவ்வீட்டினின்று வெளியேறுமாறு பணிக்கப்பட்டது என்பர். சகுனம் பற்றிய மற்றோர் அறிவிப்பைக் கேட்ட அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், அது அறியாமைக் காலத்தாரின் கூற்றை எடுத்துரைத்ததேயன்றி அண்ணலாரின் கொள்கையன்று என வன்மையாக மறுத்ததும் நூல்களில் உள்ளது. அஞ்சியவரை அண்ணலார் எள்ளி நகையாடவில்லை. அவ்வச்சத்தைக் கொள்கையாக்கவும் இடந்தரவில்லை. குடும்பத்தில் மூத்தோரின் அச்சத்தைக் கையாள இளையோர்க்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

பகரா அத்தியாயம் ஓதப்படும் வீட்டைவிட்டு ஷைத்தான் வெருண்டோடுகின்றான் என்று முஸ்லிமில் பதிவான நபிமொழியை அனைவரும் அறிவர். அதன் தொடக்கத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். உங்கள் வீடுகளைக் கப்றுகளாக்கிவிடாதீர்கள் என்பதே அத்தொடக்கத்தின் கருத்து. அதாவது, குடிபுகும் ஒருநாளில் ஊதியம் கொடுத்து ஓதவைப்பது பற்றியதன்று அது. ஓதலும் தொழுகையும் அன்றாடம் உயிர்ப்போடு நிகழும் வீட்டைப் பற்றியது. அவ்வாறே, வீட்டில் நுழையும்போதும் உண்ணும்போதும் இறைநாமம் சொன்னால் இங்கு நமக்குத் தங்குமிடமும் இல்லை, உணவும் இல்லை என்று ஷைத்தான் தன் கூட்டத்தாரிடம் கூறுவதாக வந்த நபிமொழியும், வீடுகளில் நுழையும்போது ஸலாம் கூறுமாறு பணிக்கும் இருபத்துநான்காம் அத்தியாயத்து வசனமும், ஒவ்வொரு நாளையும் குடிபுகும் நாளாக ஆக்குகின்றன.

எஞ்சி நிற்கும் அழுக்கு

இவையெல்லாம் முடிந்தபின்னும் ஒரு வீட்டில் அழுக்கு எஞ்சியிருத்தல் கூடும். சாம்பிராணிக்கு அது நீங்காது. எத்தனை யாஸீன் ஓதினும் நீங்காது. ஒரு சாண் நிலத்தை அநீதியாகக் கவர்ந்தவனின் கழுத்தில் மறுமையில் ஏழு பூமிகள் மாலையாக்கப்படும் என்று புகாரியும் முஸ்லிமும் எச்சரிக்கின்றன. அந்த ஒரு சாண் பெரும்பாலும் அந்நியரின் நிலமன்று, உடன்பிறந்தாளின் பாகம்.

திருக்குர்ஆன் நான்காம் அத்தியாயம் பெண்ணின் வாரிசுப் பங்கை நிலைநாட்டிப் பதினான்கு நூற்றாண்டுகள் ஆகின்றன. இந்தியாவில் 1937இல் வந்த ஷரீஅத் சட்டம், மார்க்க முறைப்படி பாகம் பிரிவதை முஸ்லிம்களுக்கு உறுதிசெய்தது. ஆயினும் விளைநிலத்தை அதிலிருந்து விலக்கி வைத்தது. சென்னை மாகாணம் 1949இல் ஒரு திருத்தச் சட்டத்தால் அவ்விலக்கை நீக்கி, வயலிலும் தோப்பிலும் ஷரீஅத்தே செல்லுமாறு செய்தது. மறையும் சட்டமும் இவ்வாறு ஒன்றுபட்ட பின்னரும், தந்தையின் வயலை விற்ற பணத்தில் அண்ணன் மாடி கட்ட, தங்கைக்கு ஒரு சேலையும் பந்தியில் முதலிடமும் மட்டும் கிடைக்கும் புதுமனை விழாக்கள் அரியவை அல்ல. அவ்வீட்டில் நள்ளிரவில் ஏதேனும் ஓசை கேட்டால், அது ஜின்னின் ஓசையாய் இருக்கவேண்டும் என்பதில்லை.

தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்னார்கள் அண்ணலார். தச்சுக் கழித்தலில் பூசணியையும் பலியையும் நீக்கிவிட்டுப் பாருங்கள். எஞ்சுவது ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் கணக்குத் தீர்த்து மனமகிழ அனுப்புதலே. அப்பழஞ்சடங்கின் உள்ளே ஒளிந்திருந்த நல்லறம் அது. அதனை எடுத்துக்கொள்ள எந்த மத்ஹபும் தடைசொல்லாது.

ஆகவே, புதுவீடு புகுவோர் சுவருக்குச் சுண்ணாம்பு பூசட்டும், நறும்புகை காட்டட்டும், பால் காய்ச்சட்டும், அண்டை வீட்டாரை, சமயம் கேளாது, அழைத்து வகீரா விருந்து அளிக்கட்டும். மௌலிது ஓதுவோர் ஓதட்டும்; ஓதாதார் இரண்டு ரக்அத் தொழுது அமரட்டும்; இதன் பொருட்டுத் தாயும் மகனும் பிணங்கவேண்டாம். ஆனால் திறவுகோலைக் கையில் வாங்குமுன் மூன்று கணக்குகளை மட்டும் தீர்த்துவிடட்டும்: நிலத்துக்கு உரியவரின் கணக்கு, உழைத்தவரின் கணக்கு, உடன்பிறந்தாரின் கணக்கு. அதனால் பணம் குறைந்து ஓர் அறை குறைந்துபோனால் வருந்த வேண்டியதில்லை. கஅபாவிலேயே ஒரு பகுதி அவ்வாறு வெளியே விடப்பட்டுத்தான் நிற்கின்றது.